ஸ்டீபன் ஹாப்கின்ஸ் எந்த ஊர்க்காரர்? அமெரிக்காவின் முதல் ஆங்கிலக் குடியேறிகளுக்குப் பூர்வீகம் தேடும் முறை

1620-இல் மேஃப்ளவர் கப்பலில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர்களில் ஸ்டீபன் ஹாப்கின்ஸும் ஒருவர். இங்கிலாந்தில் அவருடைய ஊர் குளோஸ்டர்ஷயர் கவுண்டியின் வோட்டன்-அண்டர்-எட்ஜ் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. அந்த ஊரில் அதே பெயரில் ஒரு குடும்பம் இருந்ததுதான் அதற்கு முக்கிய ஆதாரம். 1998-இல் கேலப் ஜான்சன் என்ற ஆய்வாளர், ஹாம்ப்ஷயர் கவுண்டியில் வின்செஸ்டர் நகருக்கு அருகிலுள்ள ஹர்ஸ்லி ஊரின் தேவாலயப் பதிவேட்டில் ஹாப்கின்ஸின் பிள்ளைகளைக் கண்டுபிடித்து வெளியிட்டார். வோட்டன் கதை அன்றோடு முடிந்தது. ஆனாலும் இணையத்தில் சுற்றும் வம்சாவளிப் படங்கள் பலவற்றில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தத் துறையில் கற்றுக்கொள்ள வேண்டியதில் பெரும்பங்கு இந்த ஒரு வழக்கிலேயே இருக்கிறது. தனி மனிதனின் பெயரைத் தேடிப் போகிறவர்களுக்குப் பெயர் மட்டும்தான் கிடைக்கும். மனைவி, மக்கள், வேலையாள், அக்கம்பக்கம் என்று குடும்பத்தையே ஒரு கட்டாகத் தேடுகிறவர்களுக்குத்தான் ஊர் கிடைக்கும். அமெரிக்கக் குடும்பங்களில் சம்பந்தம் செய்தவர்களும், ஆவணத் துறையில் இருப்பவர்களும் இதே கேள்வியோடு வருவதால், இந்த வேலையை எந்த வரிசையில் செய்கிறோம், எங்கெங்கே கால் இடறும் என்பதை ஹாப்கின்ஸையே வைத்துச் சொல்கிறோம்.

முதலில் அமெரிக்கப் பக்கம்

நிலத்துக்கு வில்லங்கம் பார்க்கிறவர் இன்றைய பத்திரத்தில் தொடங்கித் தாய்ப்பத்திரத்தை நோக்கிப் பின்னால் போவார். நடுவில் ஒரு பத்திரம் விட்டுப்போனால் அங்கேயே நின்றுவிடுவார். இங்கேயும் அதே ஒழுங்குதான். கடலைத் தாண்டி இங்கிலாந்துப் பதிவேட்டைத் திறக்கும் முன், குடியேறியவரைப் பற்றி அமெரிக்கப் பக்கம் இருக்கிற ஒவ்வொரு காகிதத்தையும் படித்து முடித்திருக்க வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள்.

ஹாப்கின்ஸுக்கு மூன்று காகிதங்கள் முக்கியமானவை. ஒன்று, பிளிமத் குடியேற்றத்தின் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்ட் தன் கையால் எழுதிவைத்த மேஃப்ளவர் பயணிகள் பட்டியல். அதில் ஹாப்கின்ஸ், மனைவி எலிசபெத், முந்தைய மனைவியின் பிள்ளைகளான கைல்ஸ், கான்ஸ்டன்ஸ், இந்த மனைவியின் பிள்ளைகளான டாமரிஸ், கடலிலேயே பிறந்த ஓசியானஸ், வேலையாட்கள் எட்வர்ட் டோட்டி, எட்வர்ட் லிஸ்டர் என்று வீடே வரிசையாக நிற்கிறது. 'முந்தைய மனைவியின் பிள்ளைகள்' என்ற குறிப்புதான் மொத்தத் தேடலுக்கும் சாவி.

இரண்டாவது, 1627-இல் பிளிமத்தில் மாடுகளைப் பங்கு பிரித்த பதிவு. ஆட்களைப் பதின்மூன்று பேர் கொண்ட 12 பங்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கிலும் இருந்தவர்களைப் பெயரோடு எழுதியிருக்கிறார்கள். ஹாப்கின்ஸின் பங்கில் கான்ஸ்டன்ஸ், நிக்கலஸ் ஸ்னோவின் மனைவியாக வருகிறாள். அப்படியானால் 1627-க்குள் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மாட்டுக் கணக்கு என்று ஒதுக்கினால் இந்தத் தகவல் கைக்கு வராது. வரி, மாடு, வேலி, நிலப் பங்கீடு போன்ற ஊர்ப் பதிவுகளில்தான் குடும்ப உறவு எதேச்சையாக வெளியே வரும். எதேச்சையாக வருவதாலேயே நம்பத்தக்கது.

மூன்றாவது, 1644 ஜூன் 6 தேதியிட்ட அவருடைய உயில். மகன் கைல்ஸுக்கு ஒரு பெரிய காளை, ஸ்னோவின் மனைவியான மகள் கான்ஸ்டன்ஸுக்கு ஒரு பெண் குதிரை என்று எழுதியிருக்கிறார். முதல் தாரத்துப் பிள்ளைகள் இருவரும் அப்போது உயிரோடு இருந்தது இதனால் உறுதியாகிறது.

இந்த மூன்றையும் வைத்து ஒரே தாளில் 'தேடப்படும் குடும்பம்' என்று எழுதிக்கொள்ள வேண்டும். ஹாப்கின்ஸுக்கு அது இப்படி அமையும்: தந்தை ஸ்டீபன், கான்ஸ்டன்ஸ், கைல்ஸ் என்று பிள்ளைகள் இருவர், இருவரும் ஏறத்தாழ 1600-க்கும் 1612-க்கும் இடையில் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும், தாய் இரண்டாம் கல்யாணத்துக்கு முன்பே இறந்திருக்க வேண்டும். ஸ்டீபன் என்ற பெயர் நூறு ஊரில் கிடைக்கும். ஒரே வீட்டில் ஸ்டீபன், கான்ஸ்டன்ஸ், கைல்ஸ் மூன்றும் கூடி வருவது அரிது. கூட்டில் ஓர் அபூர்வப் பெயர் இருந்தால் தேடலை அதிலிருந்தே தொடங்குங்கள். தந்தையின் பெயர் சாதாரணமாக இருந்தால் அது கடைசியில் வரட்டும்.

அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தில் குடியேறியவர்களானால், பாஸ்டனில் 1845-இல் தொடங்கிய நியூ இங்கிலாந்து வம்சாவளிக் கழகத்தின் 'கிரேட் மைக்ரேஷன்' ஆய்வுத் திட்டத்தை முதல் நாளே பார்த்துவிடுங்கள். 1620 முதல் 1640 வரை வந்து இறங்கியவர்களைப் பற்றி, ஆவணத்தில் இருப்பதை மட்டும் வைத்து, குடும்பம் குடும்பமாக எழுதப்பட்ட குறிப்புகள் அதில் இருக்கின்றன. பழைய நூல்களின் தவறான ஊர்ப்பெயர்கள் ஏன் தள்ளப்பட்டன என்பதையும் பல இடங்களில் சொல்லியிருக்கிறார்கள். ஏற்கெனவே விழுந்துபோன கோட்பாட்டுக்கு உயிர்கொடுக்க உழைக்காமல் இருக்க இதுவே நல்ல காப்பு.

வர்ஜீனியா பக்கம் நிலைமை வேறு. அங்கே ஆளுக்கு 50 ஏக்கர் என்று நிலம் கொடுத்தார்கள். யாருடைய பயணச் செலவை யார் ஏற்றாரோ அவருக்கு அந்த உரிமை. அந்தப் பட்டியலில் ஒரு பெயர் 1650-இல் வந்தால் அவர் 1650-இல் வந்தார் என்று எழுதிவிடக் கூடாது. உரிமையைப் பல ஆண்டு கழித்துக் கோருவார்கள், பிறருக்கு விற்கவும் செய்வார்கள். அந்த ஆண்டுக்கு முன் வந்திருக்கிறார் என்பது மட்டுமே அதிலிருந்து தெரியும்.

ஹர்ஸ்லியில் இருந்தது என்ன

ஹர்ஸ்லிப் பதிவேட்டில் ஸ்டீபன் ஹாப்கின்ஸின் பிள்ளைகள் மூவர் வருகிறார்கள்: 1604 மார்ச்சில் எலிசபெத், 1606 மே 11 அன்று கான்ஸ்டன்ஸ், 1607/8 ஜனவரி 30 அன்று கைல்ஸ் (ஆண்டு இரண்டாக இருப்பதன் காரணம் பின்னால் வரும்). 1613 மே 9 அன்று அவருடைய மனைவி மேரியை அடக்கம் செய்திருக்கிறார்கள். அவள் பெயரில் ஒரு சொத்துப் பட்டியலும், சொத்தை நிர்வகிக்கும் உத்தரவும் இருக்கின்றன. பிள்ளைகள் கான்ஸ்டன்ஸ், எலிசபெத், கைல்ஸ் மூவரும் அந்த உத்தரவில் வருகிறார்கள். பழைய நூல்களிலும் இணையத்திலும் முதல் மனைவி 'கான்ஸ்டன்ஸ் டட்லி' என்று இருக்கும். அதற்கு ஆதாரமே இல்லை. மகளின் பெயரைத் தாய்க்கும் ஏற்றிவிட்டார்கள் போலிருக்கிறது.

இந்த ஆதாரம் ஏன் வலுவானது என்று பாருங்கள். பிராட்ஃபோர்ட் சொன்ன 'முந்தைய மனைவி' இங்கே இறக்கிறாள். இரண்டு பிள்ளைகளும் தேவையான வயதில் இருக்கிறார்கள். 1609-இல் வர்ஜீனியாவுக்குப் போன சீ வென்ச்சர் கப்பல் பெர்முடா தீவில் மோதி உடைந்தபோது அதில் ஒரு ஸ்டீபன் ஹாப்கின்ஸ் இருந்தார். அங்கே கலகக் குற்றத்துக்கு மரண தண்டனை பெற்று, கெஞ்சி மன்னிப்பு வாங்கியவர் அவர். ஹர்ஸ்லியில் 1608-க்குப் பிறகு இந்த வீட்டில் குழந்தை இல்லை. 1613-இல் மேரி இறந்தபோது பிள்ளைகளின் பொறுப்பு பரிஷின், அதாவது தேவாலய எல்லைக்குட்பட்ட ஊர்ப்பகுதியின், ஏழையர் கண்காணிப்பாளர்களிடம் போகிறது. சொத்துப் பட்டியலில் மேரியை விதவை என்றே எழுதியிருக்கிறார்கள். கணவர் கடல் கடந்து போய்த் தகவல் இல்லாத வீட்டுக்கு இவை எல்லாம் பொருந்துகின்றன. தனித்தனிக் காகிதங்கள் ஒன்றையொன்று அறியாமல் ஒரே திசையில் கைகாட்டினால்தான் 'நிரூபணம்' என்று எழுதுவோம்.

அதே தேடலின் அடுத்த படி, ஸ்டீபனின் பிறப்பு. ஹாம்ப்ஷயரிலேயே ஆண்டோவர் அருகே அப்பர் கிளாட்ஃபோர்ட் ஊரில் 1581 ஏப்ரல் 30 அன்று ஜான் ஹாப்கின்ஸின் மகன் ஸ்டீபனுக்கு ஞானஸ்நானம் நடந்திருக்கிறது. இதையே அவருடைய பதிவாகப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். எங்கள் கணக்கில் இது ஹர்ஸ்லிக்கு ஒரு படி கீழே. கவுண்டியும் வயதும் பெயரும் பொருந்துகின்றன. ஆனால் ஹர்ஸ்லியில் கிடைத்த மாதிரி குடும்பமே கட்டாகக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு கண்ணிக்கும் பக்கத்தில் 'உறுதி', 'மிக வாய்ப்புண்டு', 'வாய்ப்புண்டு' என்று எழுதிவைக்கும் பழக்கம் வேண்டும். அடுத்த தலைமுறைக்காரர் எங்கே மறுபடி தோண்ட வேண்டும் என்பதை அந்தக் குறிப்புதான் காட்டும்.

லண்டனைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஹாப்கின்ஸின் இரண்டாம் கல்யாணம் 1617/18 பிப்ரவரி 19 அன்று லண்டன் வைட்சாப்பலில் எலிசபெத் ஃபிஷரோடு நடந்தது. அதை வைத்து அவரை லண்டன்காரர் என்று முடிவுகட்டினால் தேடல் அங்கேயே முட்டிக்கொள்ளும். அந்தக் காலத்தில் கப்பல் ஏறுகிறவர்களுக்கு லண்டன் ஒரு தங்குமிடம். அங்கே கல்யாணமோ குழந்தையோ நடந்திருந்தால், அதற்கு முந்தைய ஊர் வேறு என்று எடுத்துக்கொண்டு தேடுவதே சரி.

தேதியில்தான் பலர் விழுகிறார்கள்

இங்கிலாந்தில் அன்று ஆண்டு பிறந்தது மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாள் அன்று. ஆக, எழுத்தரின் கணக்கில் 1607 டிசம்பர் 31-க்கு அடுத்த நாள் 1607 ஜனவரி 1. இன்றைய கணக்கில் அது 1608. இந்தக் குழப்பம் வராதிருக்கவே ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையுள்ள தேதிகளை 1607/8 என்று இரண்டு ஆண்டையும் போட்டு எழுதுகிறோம்.

ஹாப்கின்ஸ் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கான்ஸ்டன்ஸின் ஞானஸ்நானம் 1606 மே; கைல்ஸுடையது பதிவேட்டின்படி 1607 ஜனவரி. இதை இன்றைய கணக்காகவே படித்தால் அக்காளுக்கும் தம்பிக்கும் இடையே ஒன்பது மாதம்கூட இல்லை. இரண்டு தாய்கள் இருந்தார்கள், இரண்டு ஸ்டீபன்கள் இருந்தார்கள் என்று கதை கட்டத் தொடங்கிவிடுவார்கள். சரியாகப் படித்தால் இடைவெளி இருபது மாதத்துக்கும் மேல், சாதாரணக் குடும்பம்.

இதைவிட மோசம், திருத்தியதையே மறுபடி திருத்துவது. அச்சில் வந்த பட்டியலைத் தயாரித்தவர் ஆண்டை ஏற்கெனவே மாற்றியிருப்பார். அதைப் படிப்பவர் இன்னொரு ஆண்டைக் கூட்டுவார். மருந்து ஒன்றுதான்: பதிவேட்டில் உள்ளதை உள்ளபடி ஒரு பத்தியில் எழுதுங்கள், உங்கள் கணக்கைப் பக்கத்துப் பத்தியில் எழுதுங்கள். கணினி நிரல்கள் பலவற்றில் இரட்டை ஆண்டைப் போட இடம் இருக்காது. அப்போது குறிப்புப் பகுதியில் எழுதுங்கள். நாட்களை இன்றைய காலண்டருக்கு நகர்த்த முயலவே வேண்டாம். 17-ஆம் நூற்றாண்டில் பழைய காலண்டருக்கும் புதியதற்கும் 10 நாள் வித்தியாசம். 1752-இல் செப்டம்பர் 2-க்கு அடுத்த நாளை 14 என்று மாற்றியபோது அது 11 நாள். தேதியை நகர்த்தினால் மூலப் பதிவோடு ஒப்பிட முடியாமல் போகும்.

மாசசூசெட்ஸில் குடியேறிய பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவர்கள் மாதப் பெயர்களை வெறுத்து எண்ணால் எழுதினார்கள். முதல் மாதம் மார்ச். '10.11.1640' என்றிருந்தால் பதினோராம் மாதம் பத்தாம் தேதி, அதாவது 1640/41 ஜனவரி 10. நவம்பர் என்று எழுதிவிடாதீர்கள். உயில்களிலும் பத்திரங்களிலும் அரசர் பட்டமேறிய ஆண்டுக் கணக்கு வரும். எலிசபெத் பட்டமேறியது 1558 நவம்பர் 17, ஜேம்ஸ் 1603 மார்ச் 24, சார்லஸ் 1625 மார்ச் 27. 'ஜேம்ஸ் ஐந்தாம் ஆண்டு' என்றால் 1607 மார்ச் 24 முதல் 1608 மார்ச் 23 வரை.

பரிஷ் பதிவேட்டைப் படிக்கும் முறை

ஒரு தேவாலயத்தின் எல்லைக்குள் அடங்கும் ஊர்ப்பகுதியே பரிஷ். எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538-இல் போட்ட உத்தரவால் ஒவ்வொரு பரிஷிலும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றும் எழுதப்பட்டன. 1598-இல் இன்னொரு உத்தரவு வந்தது: பழைய காகிதப் பதிவுகளைத் தோல்தாளில் படியெடுக்க வேண்டும், குறிப்பாக எலிசபெத் பட்டமேறிய ஆண்டிலிருந்து. பல பதிவேடுகள் 1538-இல் தொடங்காமல் 1558-இல் தொடங்குவதற்குக் காரணம் இதுதான். ஆகவே 1598-க்கு முன்பான பக்கங்கள் பெரும்பாலும் ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் எழுதிய நகல்கள். நகல் என்றால் விடுபடலும் இருக்கும், பெயர் மாறலும் இருக்கும்.

அதே காலத்திலிருந்து ஆண்டுக்கொருமுறை பதிவுகளின் படி ஒன்று பிஷப்புக்கும் போனது. இந்தப் பிஷப் படிகள் தனித்தாள்களாக இருந்ததால் நிறைய தொலைந்துவிட்டன. இருக்கிற இடத்தில் இரண்டையும் ஒப்பிட்டே ஆக வேண்டும். ஒன்றில் தாயின் பெயர் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. ஒன்றில் ஜான், மற்றதில் ஜேம்ஸ் இருக்கும்.

தேடும் வரிசை இதுதான். இலக்கான ஊரில் அந்தக் குடும்பப் பெயர் உள்ள பதிவுகள் அனைத்தையும், நமக்கு வேண்டியதோ வேண்டாததோ, ஐம்பது அறுபது ஆண்டுக்கு எழுதி எடுங்கள். அவற்றைக் குடும்பம் குடும்பமாகப் பிரியுங்கள். அதன்பின் அடக்கப் பதிவுகளை ஒவ்வொரு பிள்ளையின் பெயரோடும் மோதிப் பாருங்கள். நீங்கள் பிடித்துவைத்திருக்கும் பிள்ளை மூன்று வயதில் அடக்கமாகியிருந்தால், அவர் அமெரிக்கா போகவில்லை. இந்த ஒரே சோதனையில் இணையத்து வம்சாவளிகள் ஏராளமாக விழுந்துவிடும். ஞானஸ்நானம் கிடைத்த மகிழ்ச்சியில் அடக்கத்தைப் பார்க்காமல் விடுவதே இந்தத் துறையின் மிகப் பெரிய நோய். அதே பெயர்க்காரர் அதே ஊரில் 1640-க்குப் பிறகும் கல்யாணம் செய்தாரா, வரி கட்டினாரா என்பதும் பார்க்க வேண்டியதே. 1641–42-இல் பதினெட்டு வயது கடந்த ஆண்கள் உறுதிமொழி எடுத்த பட்டியல்கள் சில பகுதிகளுக்கு மிஞ்சியிருக்கின்றன. நம் ஆள் அப்போது மாசசூசெட்ஸில் இருந்தாக வேண்டுமென்றால், இந்தப் பட்டியலில் இருப்பவர் வேறு ஒருவர்.

பதிவு கிடைக்கவில்லையென்றால் சுற்றியுள்ள பரிஷ்களுக்கு வட்டம் போடுங்கள். பத்து மைல் போதும். தாய்வீட்டில் முதல் பிரசவம் பார்ப்பது அங்கும் உண்டு. உள்நாட்டுப் போர் தொடங்கிய 1642 முதல் 1660 வரை பல ஊர்ப் பதிவேடுகள் ஓட்டை ஓட்டையாக இருக்கும். அங்கே 'இல்லை' என்பதற்குப் பொருளே கிடையாது.

பெயர்க் குறியீட்டை மட்டும் நம்பாதீர்கள், படத்தைத் திறந்து படியுங்கள். லத்தீனில் எழுதிய குரு, கைல்ஸை எகிடியஸ் என்று எழுதியிருப்பார். ரால்ஃப் ராடுல்ஃபஸ், ஜேம்ஸ் ஜேகோபஸ், ஜெஃப்ரி கால்ஃப்ரிடஸ். ஆக்னஸும் ஆனும் ஒரே பெண்ணுக்கு மாறி மாறி வரும். கைல்ஸ் என்று தட்டச்சு செய்து தேடுகிறவருக்கு எகிடியஸ் சிக்கவே மாட்டார். ஃபேமிலிசர்ச் தளத்தில் ஏராளமான பதிவேடுகள் இலவசமாக இருக்கின்றன. சில படங்கள் அவர்களுடைய மையத்தில் போய் உட்கார்ந்தால் மட்டும் திறக்கும். அங்கும் இல்லாதது கவுண்டி ஆவணக் காப்பகத்தில் இருக்கும். ஹாம்ப்ஷயருக்கு அது வின்செஸ்டரில்.

கையெழுத்தைப் பற்றிச் சுருக்கமாக. செக்ரட்டரி என்ற அன்றைய எழுத்துமுறையில் ஆங்கில 'இ' திரும்பிக் கிடக்கும், 'எச்' கோட்டுக்குக் கீழே சுழலும், 'சி'யும் 'ஆர்'-உம் ஒன்றாகத் தெரியும், பெரிய 'எஃப்'-ஐ இரண்டு சிறிய 'எஃப்'-ஆக எழுதுவார்கள். மாதப் பெயர்கள், 'மகன்', 'மகள்', 'அடக்கம்' போன்று திரும்பத் திரும்ப வரும் சொற்களிலிருந்து அந்த எழுத்தரின் அரிச்சுவடியை ஒரு தாளில் வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள். சந்தேகமான குடும்பப் பெயரை அதோடு ஒப்பிட்டுப் படிக்கலாம். எழுத்தர் மாறினால் தாளும் மாற வேண்டும்.

உயில்கள்

பதிவேட்டில் பெரும்பாலும் தந்தை பெயரோடு கதை முடிந்துவிடும். உறவு தெரிவது உயிலில். நாம் தேடவேண்டியது குடியேறியவரின் உயிலை மட்டும் இல்லை. இங்கிலாந்திலேயே தங்கிவிட்ட அண்ணன், மாமனார், பிள்ளையில்லாத சித்தப்பா, விதவை அத்தை ஆகியோருடையதை. 'நியூ இங்கிலாந்தில் இருக்கும் என் தம்பிக்கு 5 பவுண்டு' என்ற ஒரே வரி, நூறு ஞானஸ்நானப் பதிவைவிடப் பெரிது. பிள்ளையில்லாதவர்களின் உயிலை முதலில் எடுங்கள். அவர்கள்தான் உடன்பிறந்தார் மக்களைப் பெயர் பெயராக எழுதுவார்கள்.

எந்த உயில் எந்த நீதிமன்றத்தில் என்பதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. ஒரே வட்டாரத்துக்குள் சொத்து இருந்தால், பிஷப்புக்குக் கீழுள்ள அதிகாரியான ஆர்ச்டீக்கனின் நீதிமன்றம். மேலே பிஷப்பின் நீதிமன்றம். ஒன்றுக்கு மேற்பட்ட மறைமாவட்டங்களில் 5 பவுண்டுக்கு மேல் சொத்து இருந்தால் ஆர்ச்பிஷப்பின் நீதிமன்றம். தென் இங்கிலாந்துக்கு அது கான்டர்பரி. அதன் உயில்கள் 1384 முதல் 1858 வரை லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'பிராப் 11' என்ற வரிசையில் இருக்கின்றன, இணையத்திலும் தேடலாம். அவை எழுத்தர் பேரேட்டில் எடுத்த படிகள். கையெழுத்தும் முத்திரையும் பார்க்க வேண்டுமானால் 'பிராப் 10'-இல் உள்ள மூலங்களுக்குப் போக வேண்டும். உயில் எழுதாமல் இறந்தவர்களின் நிர்வாக உத்தரவுகள் 'பிராப் 6'-இல். 1653 முதல் 1660 வரை நாடு முழுவதற்கும் உயில் வேலை லண்டனில் ஒரே இடத்தில் நடந்ததால், எந்தக் கவுண்டிக்காரராக இருந்தாலும் அந்த ஆண்டுகளுக்கு அங்கேயே தேடலாம். டெவன்காரர்களுக்கும் சாமர்செட்காரர்களுக்கும் ஒரு துக்கச் செய்தி: அவர்களுடைய உள்ளூர் உயில்கள் 1942-இல் எக்சிட்டர் நகரக் குண்டுவீச்சில் எரிந்துபோயின. முன்பே யாராவது எடுத்துவைத்த குறிப்புகளையும் கான்டர்பரி உயில்களையும் மட்டுமே அவர்கள் நம்ப வேண்டும்.

உறவுச் சொற்களை இன்றைய பொருளில் படித்தால் வம்சமே இடம் மாறிவிடும். அன்று 'சன்-இன்-லா' மனைவியின் முந்தைய கல்யாணத்து மகனையும் குறிக்கும். 'கசின்' என்பது அண்ணன் மகனாகவும் இருக்கலாம். 'பிரதர்' என்பதில் மைத்துனரும் அடக்கம், சபைச் சகோதரரும் அடக்கம். 'சீனியர்', 'ஜூனியர்' என்று ஒரே ஊரில் இருவர் இருந்தால் அவர்கள் தந்தையும் மகனுமாக இருக்க வேண்டியதில்லை. சித்தப்பனும் அண்ணன் மகனுமாக இருக்கலாம், உறவே இல்லாதவர்களாகவும் இருக்கலாம். மூத்தவர் இறந்ததும் ஜூனியர் சீனியராகிவிடுவார் என்பதையும் மறக்கக் கூடாது. உயிலில் மூத்த மகன் பெயர் இல்லை என்றால் அவன் இறந்துவிட்டான் என்று பொருளில்லை. அவனுக்குரிய நிலத்தை முன்பே கொடுத்துவிட்டிருப்பார்கள்.

எதை நம்பக் கூடாது

கப்பல் பட்டியல் என்ற பெயரில் வருவனவற்றை முதலில் சந்தேகியுங்கள். 1630-இல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் தலைவர் ஜான் வின்த்ராப்போடு 11 கப்பல்களில் ஏறத்தாழ 700 பேர் போனார்கள். அவர்களுக்கு அந்தக் காலத்திலேயே எழுதிய முழுப் பட்டியல் இல்லை. இன்று அச்சில் இருப்பவை பிற்காலத்தவர் ஊகித்துத் தொகுத்தவை. 1635-இல் லண்டன் துறைமுகத்தில் எழுதிய பதிவு உண்மையான மூலம், தேசிய ஆவணக் காப்பகத்தின் 'ஈ 157' வரிசையில் இருக்கிறது. அதிலும் வயது தோராயம். ஒரே குடும்பத்தை வெவ்வேறு நாளில் வெவ்வேறு பக்கத்தில் எழுதியிருப்பார்கள்.

பிரபு குலத்தோடும் குலச்சின்னத்தோடும் முடியும் வம்சாவளி கையில் வந்தால் அதை எழுதியவர் யார் என்று பாருங்கள். 1942-இல் இறந்த குஸ்தாவ் அஞ்சு என்பவர் பணக்கார அமெரிக்கக் குடும்பங்களுக்குக் கூலிக்கு வம்சாவளி எழுதிக்கொடுத்தவர். அமெரிக்கப் பக்கம் உண்மையாக இருக்கும், இங்கிலாந்துப் பக்கத்துக் கண்ணிகள் கற்பனையாக இருக்கும், இல்லாத உயில்களை மேற்கோள் காட்டியிருப்பார். அவர் பெயர் உதிர்ந்துபோய், அவருடைய கண்ணிகள் மட்டும் பல படங்களில் தொடர்கின்றன. ஒரு உயில் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அந்த உயிலைத் திறந்து பார்க்கும்வரை அது இல்லாததாகவே கருதுங்கள்.

மரபணுச் சோதனை இந்தத் தூரத்துக்கு ஓரளவுதான் கைகொடுக்கும். தந்தைவழி ஆண் வாரிசுகளின் ஒய் குரோமோசோமை இங்கிலாந்தில் அதே குடும்பப் பெயர்க்காரர்களோடு ஒப்பிடலாம். பொதுச் சோதனைகளில் பன்னிரண்டு தலைமுறைக்கு முந்தைய பாட்டனைக் காண முடியாது.

எல்லாருக்கும் ஹர்ஸ்லி கிடைப்பதில்லை. ஹாப்கின்ஸ் வீட்டிலேயே வேலையாளாக வந்த எட்வர்ட் டோட்டிக்கு இங்கிலாந்துப் பூர்வீகம் இன்னும் நிறுவப்படவில்லை. தனியாளாக, மணமாகாமல், வேலையாளாக வந்தவர்களுக்குக் கட்டு இல்லை. ஒரு பெயர் மட்டுமே உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு எசமானரின் ஊரையும், ஒரே நிலப் பங்கில் சேர்ந்தவர்களின் ஊரையும், கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவர்களின் ஊரையும் தேடுகிறோம். கிடைக்காவிட்டால், எந்தப் பதிவேட்டை எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்தெந்தப் பெயர் வடிவங்களில் தேடினோம், எந்தப் பக்கங்கள் கிழிந்திருந்தன என்று தேதியோடு எழுதிவைக்கிறோம். அடுத்தவர் அதே கிணற்றை மறுபடி தோண்டாமல் இருக்க அது வேண்டும்.

சென்னைக்கு நீளும் இழை

இந்தக் குடியேறிக் குடும்பங்களில் ஒன்று நேரே புனித ஜார்ஜ் கோட்டைக்கு வந்து சேர்கிறது. 1649-இல் பாஸ்டனில் பிறந்த எலிஹு யேல், சிறு வயதிலேயே குடும்பத்தோடு இங்கிலாந்து திரும்பி, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியராகச் சென்னைக்கு வந்து 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்தவர். அவருடைய பாட்டி ஆன் லாயிட், யேல் குடும்பத்து விதவையாக இருந்து, பிறகு நியூ ஹேவன் குடியேற்றத்தின் முதல் ஆளுநரான தியோஃபிலஸ் ஈட்டனை மணந்தார். மறுமணத்தால் குடும்பங்கள் எப்படிக் கலக்கின்றன என்பதற்கு இது நல்ல பாடம். ஈட்டனை யேலின் ரத்த வழித் தாத்தாவாகக் காட்டும் படம் தவறு. அவர் தந்தையின் மாற்றாந்தந்தை மட்டுமே.

யேலின் கல்யாணம் 1680 நவம்பர் 4 அன்று, கோட்டைக்குள் புதிதாகக் கட்டிய புனித மேரி தேவாலயத்தில் நடந்தது. அந்தத் தேவாலயப் பதிவேட்டின் முதல் கல்யாணம் அதுதான். மணமகள் கேத்தரின், கம்பெனி அதிகாரி ஜோசஃப் ஹிம்னர்ஸின் விதவை. யேலுக்கும் கேத்தரினுக்கும் பிறந்து சிறுவயதில் இறந்த மகன் டேவிட்டின் கல்லறை, இன்றைய உயர் நீதிமன்ற வட்டாரத்தில் ஹிம்னர்ஸின் கல்லறையோடு சேர்ந்தே அமைந்தது. ஒரு கல்லறையைப் பார்த்து இருவரும் ரத்த உறவு என்று நினைத்துவிடலாம். அவர்களை இணைப்பது கேத்தரின் மட்டுமே.

சென்னையில் இருந்த ஆங்கிலேயரின் பூர்வீகம் தேடுவோருக்கு வரிசை இது: சென்னைப் பதிவுகள் லண்டனுக்கு அனுப்பப்பட்ட படிகள் பிரிட்டிஷ் நூலகத்தில் 'என் 2' வரிசையில் 1698 முதல் இருக்கின்றன. அதற்கு முந்தைய நிகழ்ச்சியானால் புனித மேரி பதிவேட்டுக்கே போக வேண்டும். ஆள் எப்போது வந்தார், என்ன பதவி, யார் அவருக்குப் பிணை என்பதற்கு எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் கோட்டை நாட்குறிப்பு, ஆலோசனைப் பேரேடுகள் உதவும். 1726-க்கு முன்பு சென்னையில் இறந்து இங்கிலாந்தில் சொத்து வைத்திருந்தவரானால், உயிலைக் கான்டர்பரி வரிசையில் தேடுங்கள்; மேயர் நீதிமன்றத்துக்கு உயில் அதிகாரம் வந்தது அந்த ஆண்டின் சாசனத்தால்தான். உயிலில் வரும் அண்ணன் தம்பியின் ஊர் கிடைத்ததும், மேலே சொன்னபடி அந்த ஊர்ப் பரிஷ் பதிவேட்டைத் திறந்து, குடும்பத்தைக் கட்டாகத் தேடத் தொடங்கலாம்.